யானைப்படை வாங்கிய வாரம்

நாற்பது வயதில் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை விலைக்கு வாங்கினேன். பழங்காலத்துப் போர். என் மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள்; "குளிருக்கு நல்ல சுவெட்டரா ஒண்ணு வாங்கிக்கங்க" என்று அவள் அனுப்பிய காசு அது. இத்தனை வருஷம் அக்கரப்பத்தனைத் தேயிலைமலைக் குளிரில் செத்தா போனோம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அதில் நாம் ஒரு முறை நகர்த்தினால் எதிரி ஒரு முறை நகர்த்துவான். நாம் யோசித்து முடிக்கும்வரை ஓங்கிய வாளோடு அப்படியே நிற்பான். நாள் முழுக்க டியூஷன் பிள்ளைகளோடு கத்துகிற எனக்கு, அவனுடைய பொறுமை ரொம்பப் பிடித்துவிட்டது.

வியாழக்கிழமை போன் டேட்டாவைப் போட்டுத்தான் அதை மடிக்கணினியில் இறக்கினேன். டேட்டா முடியப்போகிறது என்று வந்த குறுஞ்செய்தியைப் படிக்காமலே தள்ளிவிட்டேன்.

மனைவி வாரத்தில் ஒருநாள்தான் பேசுவாள். வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, வீட்டுக்காரர்கள் வெளியே போகிற அரைமணி நேரம். அந்த வாரம் எங்கள் மகளுக்கு முதல் பல் ஆடிக்கொண்டிருந்தது. ஆறு வயது. யாரையும் தொட விடவில்லை. "அம்மா பாக்குறப்பதான் புடுங்கணும். பொறகு கூரையில எறியணும்" என்று நாலு நாளாக ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு முன்பே போனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தாள். நான் உள்ளே யானைகளை ஆற்றைக் கடக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, அம்மா இன்னும் கூப்புடலயே."

"வருவாங்க, பொறு."

இதையே மூன்று தடவை சொன்னேன். நாலாவது தடவை அவள் குரல் அழுகிற மாதிரி இருந்தது. எழுந்துபோய் போனைப் பார்த்தேன். டேட்டா சுத்தமாக இல்லை. சந்திக் கடைக்கு ஓடினேன். ரீலோட் போட்டதும் தவறிய அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. கடைசியில் அவள் பேசி அனுப்பிய குரல்பதிவு: "எங்கங்க போனீங்க? புள்ளைய பாக்கவே முடியல. அவங்க வந்துட்டாங்க, வச்சிர்றேன்."

கடை வாசலிலேயே நின்று பதில் எழுதினேன்: "இங்க ஒரே பனிமூட்டம். சிக்னல் இல்ல." எங்கள் ஊரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் பனிக்கு வராது, இங்கே பிறந்து வளர்ந்தவள், நம்புவாள். எழுதும்போது வெயில் முதுகைச் சுட்டது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் அனுப்பினேன்.

வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குத் திரும்பியபோது மகளின் உள்ளங்கையில் பல் இருந்தது. பசியில் பிஸ்கட்டைக் கடித்திருக்கிறாள். "அதுவா விழுந்துருச்சுப்பா" என்றாள், ஏதோ அவள்தான் தப்பு செய்துவிட்ட மாதிரி. அம்மாவிடம் என்ன சொன்னேன் என்று கேட்டாள். சொன்னேன். தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தாள்.

பல்லைத் தீப்பெட்டியில் வைத்திருந்தோம். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா பார்க்க அதைக் கூரைமேல் எறிந்தாள். தகரத்தில் டக்கென்று விழுந்த சத்தம் குவைத்துக்கும் கேட்டிருக்க வேண்டும். மனைவி சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். பிறகு மகளிடம் கேட்டாள்:

"போன வாரம் அவ்வளவு பனியாடி?"

மகள் என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். உண்மையைச் சொல்லிவிடு என்று சொல்ல எனக்கு அப்போது நேரம் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

"ஆமாம்மா," என்றாள். "எதுத்த லயமே தெரியல."