குடல் தசையும் என் சான்றிதழ்களும்

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு லாட்ஜின் மாடியில், கணினியில் தகவல் ஏற்றித் தரும் எங்கள் அலுவலகம் இருந்தது. நாள் முழுக்கக் கீழே "தேனி, தேனி, போடி" என்று கண்டக்டர்கள் கூவுவார்கள். யார் யாரோ ஏறிப் போய்க்கொண்டே இருப்பார்கள். நான் மாடியில் ஒரு புழுவின் குடலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள் அவை. வெளிநாட்டு ஆய்வுக்குழு ஒன்று, மண்ணில் வாழும் ஒரு பொடி உருளைப்புழுவின் உறுப்புகளைக் கணினியில் ஒரு மரமாக அடுக்கிக்கொண்டிருந்தது. எது எதன் வகை, எது எதன் பகுதி என்று பார்த்து ஒவ்வொன்றையும் அதனதன் கிளையில் சேர்க்க வேண்டும். அதில் குடல் பகுதியை மட்டும் சோதனைக்காக எங்கள் முதலாளியிடம் கொடுத்திருந்தார்கள். அங்கே விலங்கியல் படித்தவள் நான் ஒருத்திதான். சேரும்போதே, வேலையைப் பாதியில் விடமாட்டேன் என்று அப்பா பாண்டில் கையெழுத்துப் போட்டார். என் ஒரிஜினல் சான்றிதழ்கள் முதலாளியின் பீரோவுக்குள் போயின. அப்போதெல்லாம் பல கம்பெனிகளில் அதுதான் வழக்கம். "வீட்டுல இருக்கதவிட அங்க பத்திரமா இருக்கும்" என்று அப்பா திருப்தியாகவே திரும்பினார்.

பெங்களூரு ஆய்வகம் ஒன்றிலிருந்து பிஎச்.டி. நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. ஒரிஜினல் இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள். முதலாளியிடம் கெஞ்சினேன். "குடலை முடிச்சுக் குடும்மா, சர்டிபிகேட்டைத் தாரேன்" என்றார். பேய் மாதிரி வேலை பார்த்தேன்.

கடைசியில் மிஞ்சியது குடல் தசை. குடலின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு, சுருங்கும்போது கழிவை வெளியே தள்ள உதவும் இரண்டே செல்கள். முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"குடல்லதான ஒட்டியிருக்கு? குடலுக்குக் கீழ போட்டு முடிம்மா."

"ஒட்டியிருந்தா குடலாயிருமா சார்? மாடியில வாடகைக்கு இருக்கவங்களை உங்க ரேஷன் கார்டுல சேப்பீங்களா? இது கருவுலயே வேற வழியில வந்த தசை."

"இம்புட்டு யோசிச்சா நீ எப்பம்மா பெங்களூரு போறது?"

நியாயமான கேள்விதான். அவர் சொன்ன இடத்தில் போட்டிருந்தால் அன்று மாலையே சான்றிதழோடு வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் தசைகளின் கிளையில் தேடுகிற எவனுக்கும் அது கிடைக்காது. தெரிந்தே தப்பாகப் போட எனக்குக் கை வரவில்லை. தசைகளின் கிளையில் வைத்துவிட்டு, குடலோடு ஒட்டியிருப்பதைத் தனி இணைப்பாகக் காட்டலாமா என்று வெளிநாட்டுக்காரர்களுக்கு எழுதினேன். பதில் வரும்வரை வேலை நின்றது. ஒவ்வொரு நாளும் வந்ததும் முதலில் மெயிலைத்தான் திறந்து பார்ப்பேன்.

நேர்காணலுக்கு முந்தின வாரம் பதில் வந்தது. நான் சொன்னதே சரியாம். எல்லாரையும் நிற்கவைத்து முதலாளி சத்தமாகப் படித்தார். இதைக் கவனித்தவரே சரிபார்ப்பதாக இருந்தால் தொண்டை, உடற்சுவர், நரம்பு என்று மிச்சப் புழுவையும் எங்களுக்கே தருகிறார்களாம்.

மறுநாள் அவர் திருப்பரங்குன்றம் போய் அர்ச்சனை செய்துவிட்டு விபூதியோடு வந்தார். "குடலோட முடிஞ்சு போயிருக்க வேண்டிய வேலை. இப்ப முழுப் புழுவும் நமக்குத்தாம்மா!"

"சார், என் சர்டிபிகேட்?"

சிரித்துக்கொண்டே பீரோவைத் திறந்து ஃபைலை எடுத்தார். எனக்கு உயிரே வந்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு சான்றிதழையும் லேமினேஷன் செய்திருந்தார்.

"கரையான் அரிக்காது, தண்ணி படாது. எம் மகளுதைக்கூட இப்படிப் பண்ணலம்மா. பெங்களூரு எங்க ஓடிரப் போகுது? முழுசா முடிச்சுட்டுப் போ."

மனிதர் மனமாரத்தான் சொன்னார். திட்டக்கூட வழியில்லை. என் கையில் கொடுத்தார், தொட்டுப் பார்த்தேன். பளபளவென்று இருந்தன. திரும்ப வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினார். நான் "தேங்க்ஸ் சார்" என்றேன்.