தொடக் கூடாத கட்டி

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. குளிக்கும்போது இடது மாரில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. மகனிடம் சொல்ல முடியுமா? மருமகளிடம் சொன்னேன். அவள்தான் மதுரைக்குக் கூட்டிப்போனாள். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

“மொதல்ல மரத்துப்போற ஊசி போடுவாக, சுரீர்னு இருக்கும். அப்புறம் டக்குன்னு ஒரு சத்தம் கேக்கும். பயந்து அசைஞ்சிராதீக, பாட்டி” என்றாள் நர்ஸ்.

அப்படியேதான் நடந்தது. அமுக்குவது தெரிந்தது, வலி தெரியவில்லை. நூல் துண்டு மாதிரி கொஞ்சம் சதை வந்தது. அழுத்திப் பிடித்துக் கட்டுப் போட்டு, சாயங்காலமே பஸ் ஏற்றிவிட்டார்கள். முடிவு வரும்வரை காத்திருந்த நாட்கள்தான் ஊசியைவிட மோசம். புற்றுதான், ஆனால் சின்னது என்று வந்தது. ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள்.

“ஊசி குத்தினா பரவிறாதா?” என்று ஊசி போடும் முன்பே மதுரை டாக்டரம்மாவிடம் கேட்டிருந்தேன்.

“யாரும்மா அப்படிச் சொன்னது? பாக்காம விட்டு வச்சாத்தான் பரவும்” என்றார். எங்கப்பா சொன்னது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்பா சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் வேலை பார்த்தார். அந்த வேலையில் பத்து விரலும் மிச்சம் இருந்தவர் என்பதால் அவர் பேச்சுக்கு வீட்டில் மறுபேச்சு கிடையாது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மாவுக்கு மாரில் கட்டி வந்தது. விருதுநகரில் பார்த்த டாக்டரம்மா, மதுரைக்குப் போய்க் கொஞ்சம் கீறி எடுத்துச் சோதிக்கச் சொன்னார். அம்மா சேலைகளை மடித்துப் பையில் வைத்துவிட்டாள். அப்பா விடவில்லை.

“கெட்டுப்போன மருந்தக் கிண்டக் கூடாது. இடிக்காம, உரசாம விட்டுட்டா அது பாட்டுக்குக் கெடக்கும். கத்தி பட்டுச்சோ, போச்சு.”

“நான் என்ன ஒங்க மருந்து ரூமா?” என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

அப்பாவோடு திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா சிரித்துவிட்டார். “ஏலே, ஒம் பொண்டாட்டி வாயப் பாத்தியா?” என்றார். அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். பேச்சு அதோடு முடிந்தது.

அன்றிலிருந்து அப்பா அம்மாவைத் தாங்கு தாங்கென்று தாங்கினார். தண்ணீர்க் குடத்தை அவரே தூக்கினார். அம்மாவை உரல் பக்கம் போக விடமாட்டார். “அம்மா மேல சாயாத, இடிச்சிராத” என்று என்னைத் தனிப்பாயில் போட்டார். தானும் தள்ளியே படுத்தார். “கொடுத்து வச்சவ” என்று தெருப் பெண்கள் அம்மா காதுபடவே சொன்னார்கள். கட்டி உடைந்து சேலையில் ஈரம் தெரிந்தபோதும் அப்படித்தான் சொன்னார்கள். தீபாவளி ஆர்டர் முடிவதற்குள் அம்மா செத்துப்போனாள். அப்பாவை ஊர் இன்றைக்கும் தங்கமான மனுஷர் என்கிறது.

அம்மா சாவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரு மத்தியானம், அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா என்னைக் கிட்டே கூப்பிட்டாள். மாதக்கணக்கில் அவளை யாரும் தொட்டிருக்கவில்லை. என் கையைப் பிடித்து முந்தானைக்குள் கொண்டுபோய்க் கட்டியின் மேல் வைத்துக்கொண்டாள். ஈரத்துக்கு அடியில் கல் மாதிரி இருந்தது. சுட்டது.

“வெடிக்குதா, பாரு” என்றாள்.

நான் கையை உருவிக்கொண்டு வெளியே ஓடினேன். பக்கத்து வீட்டுச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, வெடிக்கட்டும் என்று காத்திருந்தேன். உள்ளேயிருந்து அம்மா என்னைக் கூப்பிட்டாளோ என்னவோ, எனக்குக் கேட்கவில்லை.