மூன்று மணிப் பேய்

பேயை நம்புகிறீர்களா? நம்பினால் ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள். அது ஏன் மத்தியானம் மூன்று மணிக்கு மட்டும் வருகிறது? முதலாளி அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் தையல் கூடத்தின் மூன்றாம் வரிசைக்கே ஏன் வருகிறது?

சட்டை தைக்கும் அந்தத் தொழிற்சாலையில் இதை யாரும் கேட்கவில்லை. மாத்திரை அக்காவும் முதலில் கேட்கவில்லை.

பதினான்கு ஆண்டு காலர் தைத்தவள் அவள். ஊசி விரல் எலும்பில் இறங்கிய பிறகு, முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்பி, மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறையையும் கட்டிலையும் அலமாரியையும் கொடுத்தார்கள். அலமாரியில் இருந்தவை தலைவலி மாத்திரை, வயிற்றுவலி மாத்திரை, கொஞ்சம் பஞ்சு. "எந்த நோய்னாலும் அக்காகிட்ட ரெண்டுல ஒண்ணு நிச்சயம்" என்று பெண்கள் கேலி செய்தார்கள். பெயரும் ஒட்டிக்கொண்டது.

அந்தக் கோடையில்தான் விழத் தொடங்கினார்கள். அத்தனை இயந்திரங்களும் ஒரே குரலில் இரைந்துகொண்டிருக்கும்போது ஒன்று மட்டும் நின்றுபோகும். இரைச்சலில் விழுந்த அந்த ஓட்டைதான் முதலில் காதில் படும். அப்புறம் நாற்காலி சாயும் சத்தம். தூக்கிவந்து கிடத்தினால் உதடு வெளுத்து, கை சில்லிட்டு, கண் எங்கோ நிலைகுத்தியிருக்கும். பத்து நாளில் ஏழு பேர். பேச்சு திரும்பியதும் எல்லாரும் ஒன்றையே முணுமுணுத்தார்கள்: "பின்னாடி யாரோ நிக்கிறாங்கக்கா."

போன ஆண்டு அந்த வரிசையில் வேலை பார்த்த ஒருத்தி சிறுநீரகம் கெட்டுச் செத்திருந்தாள். அது போதாதா? அவள்தான் துணைக்கு ஆள் கூப்பிடுகிறாள் என்று கதை கட்டிவிட்டார்கள். நிர்வாகம் மறுக்கவில்லை. பேய்தான் காரணமென்றால் நிர்வாகத்தை யார் கேள்வி கேட்பார்கள்? பேயோட்டி ஒருவரைக் கூட்டிவந்து கூடம் முழுக்கப் புகை போட்டார்கள். மறுநாள் மூன்று மணிக்கு எட்டாவது பெண் விழுந்தாள்.

"இனிமே விழறவளுக்கு இங்க வேலை இல்லை. பேய் பிடிச்சவளை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றார் மேற்பார்வையாளர்.

மாத்திரை அக்கா மூன்றாம் வரிசைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்த வரிசையில் பன்னிரண்டாவது இயந்திரம் அவள் தங்கையுடையது. இரண்டு நாளாக அவள் உதடும் வெளுத்துத்தான் இருந்தது.

சாப்பாட்டு வேளையில் அக்கா தனியாகக் கூடத்துக்குள் போனாள். ஆள் இல்லாத நாற்காலிகள். அரைகுறையாய்த் தைத்த சட்டைகள் கை தொங்கக் கிடந்தன. மூன்று மணி வெயில் நேராக மூன்றாம் வரிசைமேல் இறங்கும் மேற்கு ஜன்னல் மேடையில் முப்பது தண்ணீர் பாட்டில்கள். முப்பதும் கழுத்துவரை நிறைந்திருந்தன. காலையில் வந்தபடியே, ஒரு மிடறு குறையாமல். அவளும் பதினான்கு ஆண்டு அப்படி ஒன்றைச் சுமந்துவந்து, சுமந்துபோனவள்தான்.

கழிப்பறைக்குப் போக வரிசைக்கு ஒரே ஒரு அனுமதி அட்டை. அதை எடுத்தால் மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்து நிற்பார். பெண்கள் தண்ணீரையே விட்டுவிட்டார்கள். நாள் முழுக்க அட்டையைத் தொடாதவளுக்கு அங்கே 'கெட்டி' என்று பட்டம்.

சாயங்காலம் வீட்டில் தங்கையைப் பிடித்தாள்.

"இன்னிக்கு எத்தனை மடக்கு தண்ணி குடிச்சே?"

"குடிச்சா அட்டை எடுக்கணுமே! இந்த மாசம் ஒரு தடவைகூட எடுக்கலை தெரியுமா? நான் கெட்டிக்கா!"

"கெட்டியாம் கெட்டி! ஒண்ணுக்குப் போகும்போது எரியுதாடி?"

தங்கை தரையைப் பார்த்தாள். "நீதானே முதல் நாள் சொல்லிக்கொடுத்தே? 'நாக்கை மட்டும் நனைச்சுக்கோ, விழுங்காதே'ன்னு."

சொன்னதுண்டு. செத்துப்போனவளுக்கும் அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

வியர்வையாய்ப் போன தண்ணீருக்கு ஈடு இல்லையென்றால் இரத்த அழுத்தம் சரியும், கண் இருட்டும். நாள்கணக்கில் அடக்கிய சிறுநீரில் கிருமி பெருகும். மேலேறிச் சிறுநீரகத்தைப் பிடிக்கும். இதில் பேய்க்கு என்ன வேலை? பின்னால் நின்றது கடிகாரம் பிடித்த ஒரு மனிதர்.

மறுநாள் இரண்டே முக்காலுக்கு மாத்திரை அக்கா மூன்றாம் வரிசைக்குள் நுழைந்தாள். தங்கையின் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து நீட்டினாள்.

"குடி."

"எல்லாரும் பார்க்கிறாங்கக்கா..."

"பார்க்கட்டும். நான் சொல்லிக்கொடுத்தது தப்பு. குடிடி!"

மேற்பார்வையாளர் வந்துவிட்டார். "உங்க ரூமுக்குப் போங்கம்மா. இங்க என்ன வேலை?"

"இதுதான் சார் என் வேலை. மேல போய்ச் சொல்லுங்க, பேய்க்கு மருந்து கொடுத்துக்கிட்டு இருக்கேன்னு."

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வெடித்தது. தங்கை பாட்டிலில் பாதியைக் குடித்தாள். சற்று நேரத்தில், அட்டையைத் தொடாமல், எழுந்து கழிப்பறைப் பக்கம் நடந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் எழுந்தார்கள். மற்றவர்கள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அன்று மூன்றாம் வரிசையில் யாரும் விழவில்லை. நான்காம் வரிசையில் ஓர் இயந்திரம் நின்றது.

விழுந்த ஒன்பது பேரின் பெயர், நாள், நேரம், ஒற்றை அட்டையின் கதை எல்லாவற்றையும் எழுதி மாத்திரை அக்கா சுகாதார ஆய்வாளருக்கு அனுப்பினாள். முதலுதவி அறைச் சாவியை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். தங்கையின் வேலை இன்றுவரை இருக்கிறது. நாளை இருக்குமா, தெரியாது. கடிதத்துக்குப் பதில் இல்லை.

உங்கள் கடையில், அலுவலகத்தில், வீட்டில் ஒரு பெண் வேலை செய்கிறாள் அல்லவா? நாளைக் காலையில் முதல் காரியமாக அவளுக்குக் கழிப்பறையைக் காட்டுங்கள். பூட்டியிருந்தால், சாவி வைத்திருப்பவரோடு சண்டை போடுங்கள்.