மாணவரைப் பேசவைக்க எங்களுக்கு ஒரு பயிற்சி

கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டே பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடத்துக்கு வகுப்பும் எடுக்கும் எங்களுக்கு, இன்று நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் கற்பித்தல் பயிற்சி. இரண்டு வருடம் வகுப்பு எடுத்த பிறகு கிடைத்த முதல் பயிற்சி.

தலைப்பு: மாணவர்களைப் பேசவைப்பது எப்படி.

வந்த பேராசிரியர் மூன்று மணி நேரம் ஸ்லைடைப் பார்த்து வாசித்தார். எங்களில் ஒருவரையும் வாய் திறக்க விடவில்லை.

பொறுக்காமல் கை தூக்கினேன். "சேர், என் வகுப்புல உடப்புசல்லாவைப் பக்கத்துப் பிள்ளை ஒன்னு இருக்குங்க. இங்கிலீஸ் வராதுன்னு பேசவே மாட்டேங்குது. கெம்பஸையே விட்டுட்டுப் போறேங்குது. என்ன செய்யலாம்?"

"நல்ல கேள்வி. கடைசியில பார்ப்போம்" என்றார்.

கடைசியில் குரூப் போட்டோ எடுத்தார்கள்.

நானுஓயா ரயில் ஸ்டேஷனுக்குப் போகும் பஸ்ஸில் இருந்து அந்தப் பிள்ளைக்கே போன் போட்டேன். "போன கிழமைப் பாடத்தைத் தமிழ்லயே சொல்லும்மா, கேப்போம்."

"தமிழ்லயா மிஸ்? சொல்லலாங்களா?" என்றவள், ஸ்டேஷன் வரும்வரை நிறுத்தவில்லை. சொன்னது அத்தனையும் சரி. நாளை வகுப்புக்கு வருகிறாளாம்.

இதைப் பேராசிரியருக்கு எழுதலாம் என்று பயிற்சி பற்றிப் போனுக்கு வந்த கருத்துப் படிவத்தைத் திறந்தால், அதில் இருப்பது ஒரே கேள்வி: சாப்பாடு எப்படி?

நன்றாகத்தான் இருந்தது. உங்கள் பயிற்சிகளில் என்ன போட்டார்கள்?