நிறைந்த ஜாடியைத் தனியாகத் தூக்காதே

துபாய் அல்கூஸில் ஓர் இரும்புப் பட்டறையில் நான் சேஃப்டி ஆபீசர். தினமும் காலை ஆறு மணிக்கு அறுபது பேரை நிற்கவைத்து, பளுவை எப்படித் தூக்குவது என்று வகுப்பெடுப்பது என் பிழைப்பு. முட்டியை மடக்கு, முதுகை மடக்காதே. பளுவை உடம்போடு ஒட்டி வை. தூக்கியபின் இடுப்பைத் திருகாதே, காலை எடுத்து வைத்துத் திரும்பு. இருபத்தைந்து கிலோவைத் தாண்டினால் இரண்டு ஆள். இதைத் தமிழில் ஒருமுறை, இந்தியில் ஒருமுறை சொல்வேன். பாதிப் பேர் நின்றபடியே தூங்குவார்கள். தூங்கட்டும், எனக்குச் சொல்லத்தான் சம்பளம்.

அந்த ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமை, என் போனில் பாதி நிரப்பிய படிவம் ஒன்று இருந்தது. எங்கள் ரிக்கர், அதாவது கிரேனில் சங்கிலி கட்டிப் பளுவை ஏற்றி இறக்குபவர், ஒரு மோட்டாரைத் தனியாகத் தரையிலிருந்து மேஜைக்குத் தூக்கியதை நானே படம் பிடித்திருந்தேன். ராமநாதபுரத்துக்காரர், பதினோரு வருடமாக அதே லேபர் கேம்ப். ஏற்கெனவே இரண்டு வார்னிங் லெட்டர் வாங்கியிருந்தார். மூன்றாவது போனால் கலாஸ், அவ்வளவுதான். விசா கேன்சல், டிக்கெட், ஊர். திங்கள் காலை நான் அதை அனுப்பவேண்டும்.

"ஏன்யா தனியா தூக்குன?" என்று கேட்டதற்கு அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஆள் இல்ல சார்."

"அது காரணம் இல்ல, சாக்கு" என்றேன். எவ்வளவு அழகான வாக்கியம் என்று எனக்கே பெருமை வேறு.

இப்போது என் யோக்கியதைக்கு வருவோம். கோடை வந்தால் நான் குடியிருக்கும் கராமாவில் குடும்பங்கள் எல்லாம் ஊருக்குப் போய்விடும், புருஷன்மார்கள் மறுபடி பேச்சிலர் ஆவார்கள். என் மனைவியும் மகளும் திருச்சியில். சிலர் ஜிம்முக்குப் போவார்கள், சிலர் தாடி வளர்ப்பார்கள். நான் குளியலறைத் தொட்டிக்குள் ஒரு பெரிய கண்ணாடி ஜாடியை வைத்து, திராட்சையும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டுவிட்டு ஆறு வாரமாகத் தினமும் போய் எட்டிப் பார்த்தேன். அது குமிழ் விட்டால் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மகள் முதன்முதலில் குப்புற விழுந்தபோதுகூட நான் இவ்வளவு பூரித்ததில்லை. இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

திங்கள் காலை மனைவியும் மகளும் வந்து இறங்குகிறார்கள். ஜாடியை அதற்குள் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் ஸ்டோருக்குக் கடத்தியாக வேண்டும். ஜாடியும் சரக்குமாக முப்பது கிலோவுக்குக் குறையாது. ரப்பர் குழாய் என்னிடமே இருந்தது. பாதியைப் பாட்டில்களில் இறக்கிவிட்டுத் தூக்கியிருக்கலாம். யார் அதையெல்லாம் கழுவுவது? குனிந்தேன். ஒரு கையால் ஜாடியின் கழுத்தைப் பிடித்தேன், மறு கையை அடியில் கொடுத்தேன். தூக்கினேன். தொட்டிக்கு வெளியே எடுத்து, கதவுப் பக்கமாக இடுப்பைத் திருகினேன்.

படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். முதுகுக்குள் பளீரென்று ஒரு வெட்டு. அம்மாடி! ஜாடியை விடவும் முடியாமல், பிடிக்கவும் முடியாமல், சுவரில் முதுகை உரசிக்கொண்டே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஜாடி என் மடியில் வந்து உட்கார்ந்தது. தள்ளினால் உடையும். உடைந்தால் கிழியப்போவது என் தொடை. அசைந்தால் உயிர் போனது. ஜாடிக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை, குமிழ் விட்டுக்கொண்டிருந்தது.

போன் சட்டைப் பையில் இருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் முதுகோடு ஜாடியையும் எழுதிக்கொண்டு போவார்கள்; இந்த ஊரில் வீட்டில் வைன் போடுவது குற்றம். கூட்டாளிகள் இரண்டு பேரும் ஊரில். பளு தூக்கத் தெரிந்தவர், ஞாயிற்றுக்கிழமை சும்மா இருப்பவர், நான் கூப்பிட்டால் எடுப்பவர் என்று யோசித்தால் ஒரே ஒரு பெயர்தான் வந்தது, அந்த ரிக்கர். வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

முக்கால் மணி நேரத்தில் வாட்ச்மேனிடம் மாற்றுச் சாவி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பின்னால் இன்னொருத்தர்.

"இவரு யாரு?" என்றேன்.

"ரெண்டாவது ஆளு சார். ரெண்டு ஆளு வேணும்னு நீங்கதான சொல்லுவீக."

குத்தலா, குணமா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என்னைப் பார்த்தார், ஜாடியைப் பார்த்தார்.

"உள்ள என்ன சார்?"

"திராட்சை ஜூஸ்."

"ஜூஸு என்னத்துக்கு சார் புஸ்ஸு புஸ்ஸுங்குது?"

அவர் தொட்டியோரம் கிடந்த ரப்பர் குழாயை எடுத்து ஜாடிக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சி, தொட்டிக்குள் திருப்பிவிட்டார். "மொதல்ல லோடக் கொறைக்கணும்" என்றார். ஆறு வாரத் தவம் சாக்கடைக்குப் போவதை மடியில் ஜாடியோடு உட்கார்ந்து பார்த்தேன். வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு, "சார், கோவிச்சுக்கிடாதீக. இது போனா ஒண்ணும் நட்டமில்ல" என்றார்.

ஜாடி காலியானதும் அதை அடியில் கைகொடுத்து எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு தரையைத் துணியால் துடைத்தார், கதவை முழுக்கத் திறந்துவைத்தார். கட்டில் வரை நடந்துபோய் வழியில் கிடந்த செருப்பையும் நாற்காலியையும் நகர்த்திவிட்டு வந்தார்.

"சார் எத்தன கிலோ?"

"தொண்ணூத்திரண்டு."

"ரெண்டு பேருக்கு அதிகந்தான். வேற வழியில்ல, மெதுவாப் போவோம்."

இரண்டு பேரும் முட்டியை மடக்கி உட்கார்ந்தார்கள். முதுகு நேராக இருந்தது. என்னை உடம்போடு ஒட்டி அணைத்தார்கள். அவர் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. எழுந்தார்கள். கதவருகே திரும்பும்போது இடுப்பைத் திருகவில்லை, காலை எடுத்து வைத்துத்தான் திரும்பினார்கள். ஆறு வருடமாகத் தூங்குகிறார்கள் என்று நான் நினைத்த வகுப்பு, ஒரு வரி விடாமல் என்னைத் தூக்கிக்கொண்டு போனது. வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது. வலியில் மட்டும்தான் என்று சொன்னால் பொய்.

கட்டிலில் கிடத்திவிட்டுத் தலையணையைச் சரிசெய்தபடி, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"இம்புட்டு எடைய ஏன் சார் தனியாத் தூக்குனீக?"

"ஆள் இல்லப்பா."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. அவர் சிரிக்கக்கூட இல்லை. அந்த மனுஷன் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "சுக்கு தட்டிப் போட்டு வெந்நீர் வெச்சுத் தாரேன்" என்று அடுப்படிக்குப் போய்விட்டார்.

மோட்டாரைத் தூக்கிய அன்றைக்கு அவருடைய ஹெல்ப்பரை லாரி ஏற்ற இழுத்துக்கொண்டு போனது போர்மேன். அதை நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், போனில் கேமராவைத் திறந்தபடி.

அடுப்படியில் அவர்கள் டம்ளர் தேடும் சத்தம் கேட்டது. படுத்தபடியே படிவத்தைத் திறந்தேன். 'காரணம்' என்ற கட்டத்தில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று இருந்தது. அதை அழித்துவிட்டு, 'ஆள் இல்லை. இருந்த ஆளை நாங்கள்தான் எடுத்துக்கொண்டோம்' என்று எழுதி, திங்கள்கிழமை வரை காத்திருக்காமல் மேனேஜருக்கு அனுப்பினேன்.