மடங்கிய சுண்டுவிரல்

உள்ளூர்ப் படிப்பை நம்பாதவர்கள் பர்மாவின் யாங்கோனில் இப்போது பள்ளிச் சான்றிதழுக்கான அமெரிக்கப் பரீட்சை எழுதுகிறார்கள். தின்கன்ஜூன் பகுதியில் என் வீட்டு முன்னறையில் அதற்காக வரலாறு சொல்லித் தருகிறேன். ஷ்வேப்யிதா தையல் ஃபேக்டரியிலிருந்து ஒருத்தி ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறி வருவாள். முப்பது வயதிருக்கும். கன்னத்தில் சந்தனம்போல் தனக்கா பூச்சு, சட்டையில் ஒட்டிய நூல். இடது கைச் சுண்டுவிரலைச் சில வாரங்களாக உள்ளங்கைக்குள் மடக்கியே வைத்திருந்தாள். மெஷின் ஊசி ஏறியிருக்கும் என்று நினைத்தேன்.

அன்றைய பாடம், நிலமில்லாத வெள்ளைக்காரர்களும் திரண்டு ஓட்டுப் போட்ட ஒரு பழைய அமெரிக்க அதிபர் தேர்தல். அதனால் சாமானியருக்கு ஜனநாயகம் பெருகியதா என்பது கேள்வி. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் ஓட்டு இல்லை, பூர்வகுடிகளை மண்ணைவிட்டே விரட்டினார்கள், அதனால் பெருகவில்லை என்றும் வாதாடலாம் என்றேன்.

அவள் கையைத் தூக்கினாள். "சயா, போட்ட ஓட்ட ஒழுங்கா எண்ணுனாங்களா?"

"எண்ணினாங்க."

"ஜெயிச்சவர நாற்காலில உக்கார விட்டாங்களா?"

"விட்டாங்க."

"அப்ப பெருகிச்சுன்னே எழுதுறேன்."

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் அந்த விரலை நீட்டிக் காட்டினாள். நகத்தைச் சுற்றி ஓட்டு மை.

"போன தேர்தல்ல இத எல்லாருக்கும் காட்டிக்கிட்டுத் திரிஞ்சேன், சயா. பட்டாளத்துக்காரன் ஆட்சியப் புடிச்சு, அந்த ஓட்டு செல்லாதுன்னுட்டான். இந்தத் தடவ அவனே தேர்தல் வச்சான். ஓட்டுப் போடச் சொல்லி வார்டு ஆபீஸ்காரங்க வாசல்ல வந்து நின்னாங்க. பயந்துபோய்ப் போட்டேன்."

மாதங்கள் ஓடி, நகம் வளர்ந்து அந்த மை எப்போதோ போய்விட்டது. வகுப்பில் அந்த விரலை மட்டும் அவள் இன்னும் நிமிர்த்துவதில்லை.