பால் தீய்ந்த வாசனை

இன்று கே.கே. நகர் வீட்டில் பால் பொங்கித் தீய்ந்தது. அடுப்பை அணைக்காமல், "செல்வி! செல்வி!" என்று மருமகளைத்தான் கூப்பிட்டேன்.

சின்ன வயதில் பாலக்கரையில் இருந்தோம். எங்கள் சபையில் பூ வைக்கக் கூடாது, மருந்து சாப்பிடுவதும் பாவம். ஆண்டவர் திடீரென்று வந்து தம்முடையவர்களை எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் கைவிடப்படுவார்கள் என்பார் போதகர். தம்பிக்குக் காய்ச்சல் முற்றியபோது அப்பா டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். தம்பி பிழைத்தான். சபை நடுவே மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். அப்பா மாட்டேன் என்று எங்களை வெளியே கூட்டி வந்துவிட்டார்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கதவு திறந்து கிடக்கிறது. அடுப்பில் பால் தீய்கிறது. அம்மாவைக் காணோம், தம்பியின் தூளியும் காலி. சிநேகிதி வைத்துவிட்ட கனகாம்பரம் என் தலையில் இருந்தது. அதனால்தான் என்னை மட்டும் விட்டுவிட்டார் என்று பூவைப் பிடுங்கி எறிந்தேன். கூப்பிடவும் பயம். பதில் வராவிட்டால்?

கொல்லையிலிருந்து தம்பியோடு அம்மா வந்தாள். "ஏண்டி இப்படி நடுங்குற?"

"ஆண்டவர் வந்துட்டாருன்னு நினைச்சேம்மா."

அம்மா பூவை எடுத்து என் தலையில் வைத்தாள். "உன்னை விட்டுட்டு என்னைக் கூப்பிட்டா, வரலேன்னு சொல்லிடுவேன்." சொல்லிவிட்டு, பயந்தவள் போல மேலே ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"இங்கதான் இருக்கேன் அத்தை," என்று மாடியிலிருந்து செல்வி குரல் கொடுத்தாள். அப்புறம்தான் அடுப்பை அணைத்தேன்.